காய்ச்சல் இல்லாத தலைவலி

கருப்பம்மாள் தன் மகளைத் தலைவலி என்று முதல் தடவை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தபோது மணி பதினொன்றரை. தாய் மருந்தறை வாசலில் நின்று, பிள்ளைக்குத் தலை வெடிக்கிறது, விடியற்காலையில் சுருண்டு கிடக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்து ரப்பர் கொட்டைகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் தாயைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன், சிரித்துவிட்டேன். ஆறு வயசு முத்தம்மாவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

"இதுக்கா தலைவலி?" என்றேன்.

"இப்ப இல்லீங்க. காலம்பர."

"காலம்பர இந்தத் தோட்டத்துல எல்லாருக்கும்தான் தலைவலி."

அதில் பொய் ஒன்றும் இல்லை. செமோரிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் நான் டிரசராகச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிரசவத்துக்கு வெந்நீர் வைக்கச் சொல்வது எல்லாம் நான்தான். மாதம் ஒரு தடவை ஈப்போவிலிருந்து டாக்டர் காரில் வந்து, என் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துரை பங்களாவில் சாப்பிட்டுப் போவார். மற்ற இருபத்தொன்பது நாளும் சதாசிவம்தான் டாக்டர். ஆனால் என் வேலைகளில் மோசமானது மருந்தறையில் நடப்பதல்ல. விடியுமுன் ஐந்து மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது நானும் அரிக்கேன் விளக்கோடு போய் நிற்க வேண்டும். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்கிறவன் நோயாளியா, சோம்பேறியா என்று அந்த இருட்டில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். புண்காரன் புண்ணைக் காட்டலாம், பேதிக்காரனை முகத்திலேயே தெரிந்துவிடும். தலைவலிக்காரன் எதைக் காட்டுவான்? அதனாலேயே வேலைக்குப் போக மனசில்லாத அத்தனை பேருக்கும் தலைவலி. முந்தைய நாள் கள்ளுக்கடையில் கூடுதலாக உட்கார்ந்தவனுக்கும் தலைவலி, பெண்டாட்டியிடம் உதை வாங்கியவனுக்கும் தலைவலி. நான் வாயில் தெர்மாமீட்டரை வைப்பேன், விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பேன், "காய்ச்சல் இல்லாத தலைவலி தலைவலியே இல்ல, போ" என்று ரப்பர் பாலுக்கு மரம் வெட்ட விரட்டுவேன். ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் என் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

துரையின் சட்டம் ஒன்றும் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில், தலைவலி என்று துடித்த இரண்டு பேரை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இரண்டு பேரும் அங்கே வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லை என்ற கடிதத்தோடு மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். துரை என்னைக் கூப்பிட்டு, இனிமேல் காய்ச்சல் நூற்றிரண்டுக்குக் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதக் கூடாது என்றார். சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டுப் போகிறவர் ஓடிப்போனவர்தான். வேலையும் போகும், லயத்து வரிசை வீட்டில் இருக்கிற ஒற்றை அறையும் போகும். சட்டத்தை மீறிச் சீட்டு எழுதுகிற டிரசருக்கும் அதே கதிதான் என்று துரை வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

முத்தம்மாவின் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்தேன். தொண்ணூற்றெட்டு. நாடி பிடித்தேன். மெதுவாக, நிதானமாக ஓடியது. சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு அமைதியான நாடியா என்று ஒரு கணம் நினைத்தது ஞாபகம் இருக்கிறது. நல்லதுதானே என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மலேரியாவுக்குக் கொயினா ஊற்றுகிறவன் நான்தான். அந்தக் கசப்பைக் குடித்தால் தலை கிறுகிறுக்கும், காதில் வண்டு ஊதும், வாந்தி வரும். எனக்கு உடனே பதில் கிடைத்துவிட்டது.

"கொயினா செய்யிற வேலை. வெறும் வயித்துல குடிக்க விடாதே. கஞ்சி குடு" என்று அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் ஐந்து தடவை வந்தாள். ஐந்து தடவையும் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையெல்லாம் பால் பிசுபிசுக்க, பதினொன்றரைக்குத்தான் வர முடிந்தது. ஐந்து தடவையும் பிள்ளை படிக்கட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. கருப்பம்மாள் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறவள் இல்லை. புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போனபோதே அழுது முடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். முன்னூறு மரம் வெட்டுகிறவள். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, சொன்னதையே சொல்வாள். எனக்கு அதுதான் எரிச்சல்.

"நாலரைக்கு எந்திரிச்சு விளக்கப் பொருத்துனா, தலையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. குமட்டல் கிமட்டல் ஒண்ணும் கெடையாது, சடார்னு வாந்தி. எடுத்ததும் செத்த நேரம் படுத்துக்குவா. அஞ்சு மணிக்கு நான் பெரட்டுக்குப் போயிருறேன். நீங்க அப்ப வந்து பாத்தாத்தான் தெரியும்."

"நானும் அப்ப பெரட்டுலதான இருப்பேன்."

"அதைத்தான் சொல்றேன். எனக்கும் பெரட்டு, உங்களுக்கும் பெரட்டு. அவளுக்கு அப்பத்தான் வலிக்குது. என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க."

தாய்மார் மரம் வெட்டப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா கொட்டகைக்குப் போய்க் காளியம்மாவிடம் விசாரித்தேன். அவள் கைப்பிள்ளை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றின் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "வந்ததும் மூலையில சாக்கை விரிச்சுப் படுத்துக்கும். வெயில் ஏறினா எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிரும். ஆத்தா வேலைக்குப் போறது புடிக்கல, அதான் நாடகம் போடுது." இந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கொயினாவைவிடவும் இது பொருத்தம். கருப்பம்மாள் அடுத்த தடவை வந்தபோது இதையே அவளிடம் சொன்னேன். "ஆறு வயசுப் புள்ள, நாலரை மணிக்கு எந்திரிச்சு, வயித்துல உள்ளதை வெளிய கொண்டாந்து நாடகம் போடுமா டிரசரய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம் பிள்ளையின் இடது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்கியது. அன்றைக்குத்தான் லயமே கூடி முத்தம்மாவைக் கொண்டாட ஆரம்பித்தது. மாறுகண் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்பது எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பிறவியிலேயே அப்படி இருப்பது வேறு, ஆறு வயசில் ஒரு வாரத்தில் கண் திரும்புவது வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை. நானும் அந்த யாரில் ஒருவன்தான். கோழி அடைக்கு வைக்கிறவர்கள் முட்டையை முத்தம்மா கையால் வைக்கச் சொன்னார்கள். மாசமாக இருந்தவர்கள் ஆணா பெண்ணா என்று அவளைத் தொட்டுச் சொல்லச் சொன்னார்கள். பிள்ளை தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, கடைக்கண்ணால் பார்த்தபடி ஆணு என்று சொல்லும். அந்தத் தலைத் திருப்பலையும் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். மருந்தறைக்கு வந்தபோது "ராசிக்காரி வாரா, ராசிக்காரி வாரா" என்று நானும் கேலி செய்தேன்.

கருப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "சீட்டு எழுதிக் குடுங்க. ஈப்போவுல காட்டிட்டு வாரேன்."

"எந்தக் காய்ச்சலை எழுத? போ, உன் மாரியாத்தாகிட்டக் கேளு. அவ உத்தரவு குடுத்தா நான் சீட்டு எழுதுறேன்" என்றேன். வாய்க்கொழுப்பு. அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு அப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஆள் வந்து கூப்பிட்டது. கருப்பம்மாள் கோவிலில் பூப்போட்டுப் பார்க்கிறாள், டிரசரய்யாதான் கேட்கச் சொன்னாராம், அவரும் வந்து நிற்க வேண்டுமாம். சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். லயத்துக் கடைசியில், தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோவில். வாரத்தில் ஆறு நாள் கங்காணியாக இருந்து ஆட்களை மிரட்டுகிற உடையப்பன், ஏழாம் நாள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பூசாரி ஆகிவிடுவான். வெள்ளை நந்தியாவட்டை ஒன்று, சிவப்புச் செம்பருத்தி ஒன்று, இரண்டையும் ஒரே அளவு வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி, அம்மன் முன்னால் குலுக்கிப் போட்டிருந்தான். வெள்ளை வந்தால் ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சிவப்பு வந்தால் இங்கேயே மஞ்சள் தண்ணீர் ஊற்றி நேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்றும் அறியாத பிள்ளை ஒன்று எடுக்க வேண்டும் என்பது வழக்கம். ராசிக்காரி இருக்கும்போது வேறு பிள்ளை எதற்கு என்று பெண்கள் முத்தம்மாவையே முன்னால் தள்ளினார்கள்.

அவள் பொட்டலங்களைப் பார்த்தாள். தலையைத் திருப்பித் திரும்பவும் பார்த்தாள்.

"எதை எடுக்க?"

"ஏதாச்சும் ஒண்ணை எடுடா கண்ணு" என்றாள் கருப்பம்மாள்.

"நாலு இருக்கே."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். கை பொட்டலத்துக்கு அரை சாண் பக்கத்தில் வெறும் தரையில் இறங்கியது. விரல்கள் மூடின. தூக்கி, திறந்து, உள்ளங்கையைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உடையப்பன் கண்ணை மூடி, "நாலுன்னு சொல்றா ஆத்தா. நாலு வாரம் பொறுத்துப் போகச் சொல்றா" என்றான். நாலு வாரத்துக்கு ஒரு பால்வெட்டுக்காரி தோட்டத்தில் நிற்பாள் என்பதில் அவனுக்குள்ளே இருந்த கங்காணிக்கும் திருப்திதான்.

நான் பிள்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் இடது கண்ணை என் கையால் பொத்தினேன்.

"இப்ப எத்தனை?"

"ரெண்டு."

கையை எடுத்தேன். "இப்ப?"

"நாலு." அவளுக்கு இது விளையாட்டாக இருந்தது. தானே கண்ணைப் பொத்திப் பொத்தித் திறந்து பார்த்துச் சிரித்தாள்.

"எப்போலருந்தும்மா இப்படித் தெரியுது?"

"அம்மா வேலை விட்டு வரும்போது ரெண்டு அம்மாவா வருவாங்க" என்றாள். அதில் என்ன புதுமை என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

நான் அவள் இடது காதைப் பார்த்தேன். காய்ந்து சுத்தமாக இருந்தது. கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அந்தக் காதில் சீழ் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றத்துக்குப் பயந்து மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். தினம் துடைத்து, போரிக் தூள் ஊதி ஊதி, அதை நிறுத்தியவன் நான். மாதாந்திரம் வந்த டாக்டரிடம் பெருமையாகக் காட்டினேன், அவர் துரையிடம் சொன்னார், துரை தலையை ஆட்டினார். அந்தக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் இப்போது ஒரு விரலை வைத்து மெல்ல அழுத்தினேன். பிள்ளை வீறிட்டு என் கையைத் தட்டிவிட்டு அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"காது எப்ப நின்னுச்சு?" என்று கேட்டேன். எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"நீங்கதான நிறுத்துனீங்க. ஒன்றரை மாசம் இருக்கும். அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்" என்றாள் கருப்பம்மாள்.

டிரசர் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் இது இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த காது திடீரென்று நின்று, பிள்ளைக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால், சீழ் வற்றிவிட்டது என்று சந்தோஷப்படாதே. அது உள்ளே, மூளைப் பக்கம் போகிறது. நாடி மெதுவாகும், கண் ஒதுங்கும், காய்ச்சல் இருக்க வேண்டும் என்பதில்லை. காலத்தில் கொண்டுபோனால் சர்ஜன் எலும்பைத் திறந்து சீழை வெளியே விடுவார். அந்தப் பக்கத்தில் சிவப்பு மசியால் அடிக்கோடு போட்டவனும் நான்தான். ஏழு வருஷம் பெரட்டுக் களத்தில் பொய்த் தலைவலிகளைப் பிடித்துப் பிடித்து, உண்மையான தலைவலி எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு ஆபீசு பூட்டியிருக்கு. நாளைக்குச் சீட்டு எழுதுறேன்" என்றேன்.

"ஆத்தா நாலு வாரம்னு சொல்லியிருக்கா" என்றான் உடையப்பன்.

பொட்டலங்களை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சீட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முத்தம்மா மருந்தறைப் பெஞ்சில் படுத்திருந்தாள். மணி எட்டு தாண்டியும் எழுந்து விளையாடவில்லை. கூப்பிட்டால் ம் என்பாள், திரும்பவும் கண்ணை மூடிக்கொள்வாள். இதுவும் புத்தகத்தில் உண்டு. கருப்பம்மாள் அன்றைக்குப் பெரட்டுக்கே போகாமல் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழரை காட்டியது. நான் சீட்டில் நூற்றுமூன்று என்று எழுதினேன். எழுதி முடித்துக் கீழே கையெழுத்தும் போட்ட பிறகுதான் எனக்குள் உறைத்தது. இந்தத் தோட்டத்தை விட்டு அவளை வெளியே கொண்டுபோகிற காகிதம் இதுதான். ஆனால் இதே காகிதம் அங்கே போனதும் அவளைக் காய்ச்சல் வார்டில்தான் படுக்க வைக்கும். அங்கேயும் கொயினா கொடுப்பார்கள். இரண்டு நாள், மூன்று நாள் பார்ப்போம் என்பார்கள். அவளுக்கு மூன்று நாள் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

கருப்பம்மாளிடம் சொன்னேன். "ஆஸ்பத்திரியில மூணு விசயம் சொல்லணும். மறக்கக் கூடாது. ஓடுன காது நின்னு போச்சு. காலம்பர தலைவலி, வாந்தி. ஒண்ணு ரெண்டாத் தெரியுது."

அவள் மூன்று விரலை மடக்கிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "காயிதத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"காய்ச்சல்னு."

"காயிதம் காய்ச்சல்னு சொல்லும், நான் காதுன்னு சொல்லணும். எதை நம்புவாங்க?"

இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு எதிராக ஒரு பால்வெட்டுக்காரியின் வாய். ஏழு வருஷமாக நானே எதை நம்பினேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அதனால் இன்னும் அதிகமாகக் குத்தியது.

வேறு ஒரு தாளைக் கிழித்து, உள்ளதை உள்ளபடி எழுதினேன். சீட்டில் இருக்கிற காய்ச்சல் பொய், அதை எழுதியது நான், தயவு செய்து சர்ஜன் உடனே பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன். தோட்டத்தில் யார் கண்ணிலும் படாதபடி தீப்பெட்டி அளவுக்கு மடித்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, பிள்ளையின் இடது காதின்மேல் பஞ்சுக்கு அடியில் வைத்து, தலையைச் சுற்றிப் பெரிய கட்டாகக் கட்டினேன். "பெரிய டாக்டர் அவுக்கணும். வேற யாரையும் தொட விடாதே. அவர் அவுக்கலன்னா அவுக்கச் சொல்லிக் கத்து." கருப்பம்மாள் தலையாட்டினாள். சத்தம் போட்டுப் பழக்கம் இல்லாதவள்.

துரை பினாங்குக்குப் போயிருந்தார். சீட்டில் குத்துகிற முத்திரை ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி கார்த்திகேசுவிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கிலும் கையெழுத்திலும் ஒரு புள்ளி தவற விடாதவர். என் நோயாளிப் புத்தகத்தையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சனிக்கிழமை தொண்ணூற்றெட்டு எண்டு எழுதியிருக்கிறீர். இண்டைக்கு நூற்றுமூண்டோ?"

"ராத்திரி ஏறிடுச்சு."

"காய்ச்சலுக்குக் காதிலே ஏன் கட்டு?"

"பழைய காதுப்புண். திரும்ப வந்திருச்சு."

"அது சுகமாகிவிட்டுது எண்டு நீர்தானே எல்லாருக்கும் காட்டினீர்."

"சுகமாகல. என் தப்பு" என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

கார்த்திகேசு எழுந்து கருப்பம்மாளின் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்தால் முடிந்தது கதை. கையைத் தூக்கவும் செய்தார். பிறகு தொற்று என்று பயந்தாரோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டு நாற்காலியையும் பின்னால் தள்ளிப் போட்டார். முத்திரை விழுந்தது. "பிள்ளைக்கு மட்டும்தான். தாய்க்குச் சீட்டு இல்லை. அவ வேலைக்குப் போக வேணும். வண்டிக்காரன் கொண்டுபோய் விடட்டும்" என்றார்.

சன்னாசியின் மாட்டுவண்டி ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு செமோர் ஸ்டேஷனுக்குக் கிளம்ப நின்றது. கருப்பம்மாள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை முதலில் ஷீட்டுக் கட்டுகளுக்கு நடுவே படுக்க வைத்தாள். தானும் ஏறி, அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உடையப்பன் ஓடி வந்தான். "ஏய், சீட்டு இல்லாமப் போனா ரூம்பை வேற ஆளுக்குக் குடுத்திருவேன், தெரியும்ல?"

"குடுத்துக்கோங்க. சட்டி பானை நாலு கெடக்கு. காளியம்மாக்கா எடுத்துக்கட்டும்" என்றாள் அவள். வண்டி நகர்ந்தது.

நானும் ஏறியிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, அந்தக் கட்டை நானே அவிழ்த்துக் காட்டி, இங்கிலீஷிலேயே சொல்லியிருக்கலாம். துரை இல்லாத நேரத்தில் டிரசர் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது, இங்கே நாலு பேர் புண்ணோடு காத்திருக்கிறார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம். அந்த அறை போனால் கருப்பம்மாளுக்குப் பயமில்லை, என் மருந்தறை போய்விடும் என்று எனக்குப் பயம். எல்லைக் கல் வரைக்கும் வண்டிக்குப் பின்னால் நடந்து போய், அங்கேயே நின்றுவிட்டேன்.

சன்னாசி பொழுது சாயத் திரும்பி வந்தான். மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "ரயில்ல ஏத்தி விட்டுட்டேன். கட்டு நல்லாத்தான் இருந்துச்சு. வழியில ஒரு வாந்தி."

"புள்ள பேசுச்சா?"

"இல்ல, தூங்கிக்கிட்டே போச்சு. ஆத்தாதான் வழி பூரா மூணு விசயத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு வந்தா. மறந்துரும்னு பயமாம். எனக்கே மனப்பாடம் ஆயிருச்சுலா."

அன்று கார்த்திகேசு துரைக்குத் தந்தி அடித்திருக்கிறார். லயத்தில் நூற்றுமூன்று காய்ச்சல் கண்டிருக்கிறது என்று. மறுநாள் காலையே பதில் வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மூன்று நாளைக்கு இரட்டைக் கொயினா. ஈப்போவிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. நான் எழுதிய பொய்யை நானே மறுக்க முடியுமா? மறுத்தால் சீட்டுப் பொய், சீட்டுப் பொய் என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கிறவளை உடனே திருப்பி அனுப்பு என்பார்கள். பீங்கான் குப்பியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஆயா கொட்டகைக்குப் போனேன்.

நாற்பத்தொரு பிள்ளைகள். காளியம்மா வரிசையாக நிறுத்தியிருந்தாள். ஒரு நோயும் இல்லாத வாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து இரண்டு கரண்டி ஊற்றினேன். ஊற்றியதும் தலையைத் திருப்பிக் காதுக்குள் பார்த்தேன், பின்னால் எலும்பை அழுத்திப் பார்த்தேன். காலையில் தலை வலிக்கிறதா என்று கேட்டேன். ஒரு விரலைத் தூக்கிக் காட்டி எத்தனை என்று கேட்டேன். டிரசருக்கு என்ன ஆகிவிட்டது என்று காளியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று கசப்பு வாயோடு சொல்லிவிட்டுப் பிள்ளைகள் துப்ப ஓடின. மூன்று காதுகளில் சீழ் ஓடிக்கொண்டிருந்தது. போரிக் தூளை நான் எடுக்கவே இல்லை. துடைத்து மட்டும் விட்டேன்.

கடைசியாக உடையப்பனின் மகள் பாப்பா. நாலு வயசு. அவளைக் கொண்டுவந்து விட்ட உடையப்பன் வேலைக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்றுகொண்டிருந்தான். கொயினாவை அழாமல் விழுங்கினாள். காதைக் காட்டினாள், சுத்தமாக இருந்தது. நான் விரலைத் தூக்கினேன்.

"எத்தனை பாப்பா?"

அவள் விரலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் விரலைப் பார்த்தாள். எண்ணத் தெரியாத வயசாக இருக்கும். கசப்பில் பேச்சு வராமல் இருக்கும். மற்ற பிள்ளைகள் வெளியே துப்புகிற சத்தம் கேட்டது.

"சொல்லும்மா" என்றான் உடையப்பன் வாசலிலிருந்து.

அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கும்வரை என் விரலை என்னால் இறக்க முடியவில்லை.